விட்டதைப் பிடிக்கப் போகாதீர்கள்: போக்கரிலிருந்து இடைவெளி எடுக்க ஒரு முழு வழிகாட்டி

போக்கரில் வாரக்கணக்கில் அடி வாங்கிக்கொண்டிருப்பவருக்குச் சிங்கப்பூரில் நம் மக்களிடம் இரண்டு அறிவுரைதான் கிடைக்கும். வீட்டில் சொன்னால் "இனிமே சீட்டையே தொடாதே" என்பார்கள், அதை யாரும் கேட்பதில்லை. கூட ஆடுபவர்களிடம் சொன்னால் "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு மச்சான், நேரம் மாறும்" என்பார்கள். இது கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் இதில்தான் பெரிய ஓட்டை. நீங்கள் ஒரு மாதம் வீட்டில் இருந்தீர்கள் என்பது சீட்டுக்கட்டுக்குத் தெரியாது. ஏழரைச் சனி விலகியதா, ராகு காலம் முடிந்ததா என்பதும் அதற்குத் தெரியாது. வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய் கும்பிட்டுவிட்டு வாருங்கள், மனசுக்கு நல்லதுதான், ஆனால் ரிவரில், அதாவது மேசையில் கடைசியாகத் திறக்கும் சீட்டில், நல்லது வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டாம்.

அப்படியென்றால் இடைவெளி எதற்கு? அடுத்த ஆட்டத்துக்கு உட்காரலாமா வேண்டாமா என்ற முடிவை இப்போது உங்களுக்காக எடுத்துக்கொண்டிருப்பது நீங்கள் விட்ட பணம். அந்த முடிவு மறுபடியும் உங்கள் கைக்கு வரவேண்டும், அவ்வளவுதான். கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

முதலில், அன்றைய இரவு

தோற்ற இரவில் செய்யவேண்டியது ரொம்பக் குறைவு. எழுந்திருங்கள், வீட்டுக்குப் போங்கள், ஏதாவது சாப்பிடுங்கள், தூங்குங்கள். "இனி வாழ்க்கையில் ஆடவே மாட்டேன்" என்ற சபதமெல்லாம் அன்றைக்கு வேண்டாம், விடிகாலை மூன்று மணிக்குப் போட்ட சபதம் மதியம் வரைகூடத் தாங்காது.

சிங்கப்பூரில் ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. நள்ளிரவையொட்டிக் கடைசி ரயில் போய்விடும். "இப்ப டாக்சிக்கு முப்பது வெள்ளி கொடுக்கிறதுக்கு, முதல் ரயில் வரைக்கும் ஆடிட்டுப் போயிடலாம்" என்று யாராவது சொல்வார்கள், உங்கள் மனசே சொல்லும். அந்த ஐந்தரை மணி நேரத்தில் போகிற பணத்தோடு ஒப்பிட்டால் டாக்சிக் கட்டணம் ஒன்றுமே இல்லை. பேசாமல் காரைக் கூப்பிடுங்கள்.

எவ்வளவு போனது என்று எழுதுங்கள்

மறுநாள் காலையில், காப்பி குடித்த பிறகு, வங்கிச் செயலியைத் திறந்து பேநவ் (கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் வசதி) பரிமாற்றங்களைப் பாருங்கள். கடைசி மூன்று மாதம் போதும். ரொக்கமாக எடுத்ததையும் சேருங்கள். நண்பரிடம் "நாளைக்குத் தரேன்" என்று வாங்கியதைச் சேருங்கள். டாக்சி, பின்னிரவில் தின்ற புரோட்டா, சூதாட்டக்கூடத்துக்குப் போயிருந்தால் நுழைவுக் கட்டணம், எல்லாம் வரட்டும். தலைக்குள் இருக்கும் தொகைக்கும் தாளில் வரும் தொகைக்கும் நடுவே எப்போதும் ஒரு இடைவெளி இருக்கும், தாளில் உள்ளதுதான் பெரிதாக இருக்கும். பல பேருக்கு இந்த ஒரு தாளே பாதி வேலையை முடித்துவிடும்.

அதிர்ஷ்டமா, ஆட்டமா?

இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் "எனக்கு நேரம் சரியில்லை" என்பதை நம்மால் மறுக்கவும் முடியாது, அப்படியே நம்பவும் முடியாது.

முதலில் கணக்கு. ஒருவர் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறார், நூறு கைக்கு, அதாவது நூறு சுற்றுக்கு, சராசரியாக 5 பெரிய பிளைண்ட் ஜெயிக்கிறார் என்று வையுங்கள் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் போடும் இரண்டு தொகைகள் பிளைண்ட், அதில் பெரியது பெரிய பிளைண்ட்). எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம் என்ற நோ லிமிட் ஹோல்டெம் வகைப் போக்கரில் நூறு கைக்கு ஏற்ற இறக்கம், அதாவது திட்டவிலக்கம், 80 பிளைண்ட் அளவுக்குச் சாதாரணமாக இருக்கும். இந்த எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தால், ஆயிரம் கை ஆடி முடித்தபோது அந்த நல்ல ஆட்டக்காரர் நட்டத்தில் இருக்க 42 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நேரடி மேசையில் மணிக்கு ஏறக்குறைய 28 கைதான் ஓடும், ஆகவே ஆயிரம் கை என்பது வாரம் ஏழு மணி நேரம் ஆடுபவருக்கு ஐந்து வாரம். பத்தாயிரம் கைக்குப் பிறகும் நட்டத்தில் இருக்கும் வாய்ப்பு 27 விழுக்காடு, அது ஏறக்குறைய ஒரு வருட ஆட்டம். இன்னொரு வகையில் சொன்னால், கையில் ஏஸ் ஜோடி வருவதே 221 கைக்கு ஒருமுறை, அதாவது ஒரு முழு இரவுக்கு ஒன்று. அந்த ஒன்று உடைந்தால் "என்னமோ என்னைப் பிடித்திருக்கிறது" என்று தோன்றத்தான் செய்யும்.

இதில் ஆறுதலும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. ஐந்து வாரம் தோற்றதால் நீங்கள் மோசமான ஆட்டக்காரர் என்று ஆகிவிடாது. அதே மாதிரி, போன வருடம் ஜெயித்ததால் நல்ல ஆட்டக்காரர் என்றும் ஆகிவிடாது. அந்த இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை.

அப்புறம், ஒரு கையைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒன்று-இரண்டு வெள்ளி மேசை, அதாவது சிறிய பிளைண்ட் ஒன்று, பெரியது இரண்டு, உங்கள் முன் 300 வெள்ளி. கையில் ஏஸ் ஜோடி. பத்து வெள்ளிக்கு ஏற்றுகிறீர்கள், ஒருவர் மட்டும் வருகிறார், நடுவில் சேர்ந்த பணம், அதாவது பாட், 23. பிளாப்பில், அதாவது முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், ஹார்ட்ஸ் கிங், ஹார்ட்ஸ் ஏழு, கிளாவர் இரண்டு. இருபது கட்டுகிறீர்கள், அவர் கால் செய்கிறார், அதாவது அதே தொகையைப் போடுகிறார், பாட் 63. டேர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டாக, ஸ்பேட் மூன்று. ஐம்பது கட்டுகிறீர்கள், மறுபடி கால், 163. ரிவரில் ஹார்ட்ஸ் நான்கு. இதுவரை அமைதியாக இருந்தவர் மிச்சமுள்ள 220க்கும் ஆல் இன் என்கிறார். மூன்று மாதமாக ஒரே மேசையில் ஆடுகிறீர்கள், அவர் கையில் ஒன்றுமில்லாமல் ஏற்றி, ஒருமுறைகூடப் பிளஃப் செய்து பார்த்ததில்லை. உங்களுக்குத் தெரியும். தெரிந்தும், "மறுபடியுமா?" என்று ஒரு எரிச்சல் ஏறி, சிப்ஸைத் தள்ளிவிடுகிறீர்கள். அவர் ஹார்ட்ஸில் ஒன்பதும் எட்டும் காட்டுகிறார், ஐந்து ஹார்ட்ஸ் சேர்ந்துவிட்டது, அது ஏஸ் ஜோடியை ஜெயிக்கும்.

வெளியே வந்து எல்லோரிடமும் சொல்லும் கதை: "ஏஸ் ஜோடியை ரிவரில் உடைச்சுட்டான், 300 போச்சு." கணக்கு வேறு. டேர்னில் அவருக்கு ஹார்ட்ஸ் வர ஐந்தில் ஒரு வாய்ப்புதான், ஐம்பது கொடுத்து 163க்கு ஆசைப்பட்டது அவர் தப்பு. அங்கே போன 80 வெள்ளிதான் அதிர்ஷ்டம். மிச்சம் 220ஐ எடுத்துக்கொண்டது சீட்டு இல்லை.

நினைவில் நிற்கும் பெரிய தோல்விகளை எல்லாம் இப்படிப் பிரித்து எழுதுங்கள். ஒரு பத்தியில், முன்னணியில் இருந்தபோது உள்ளே போன பணம். இன்னொன்றில், தோற்றுவிட்டோம் என்று உள்ளுக்குள் தெரிந்த பிறகும் போட்ட பணம், கடுப்பில் ஏற்றிய பணம், தூக்கக் கலக்கத்தில் போன பணம். இரண்டாவது பத்தி நீளமாக இருந்தால் உங்களுக்கு இடைவெளி அவசியம். முதலாவது நீளமாக இருந்தாலும் எடுக்கலாம், ஏனென்றால் தொடர்ந்து அடிபடுகிறவருக்கு இரண்டாவது பத்தி தானாக வளர ஆரம்பிக்கும்.

எத்தனை நாள்?

"மனசு சரியாகும் வரை" என்று வைத்தால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மனசு சரியாகிவிடும். தேதி வேண்டும். என் கணக்கில் குறைந்தது இரண்டு சம்பள நாள் கடந்திருக்க வேண்டும். முதல் சம்பளம் வரும்போதுதான் கை அரிக்கும், "இந்தத் தடவை இருநூறு மட்டும்" என்ற குரல் கேட்கும். அதைத் தாண்டி, வீட்டுக் கடன், மின்கட்டணம், பள்ளிச் செலவு எல்லாம் போன பிறகு மிச்சம் எவ்வளவு என்று ஒருமுறையாவது ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும்.

நாட்காட்டியையும் பாருங்கள். தீபாவளி இரவு யார் வீட்டிலாவது சீட்டு விரிக்காமல் இருக்கப்போவதில்லை. டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் வரும், அடுத்து சீனப் புத்தாண்டில் அலுவலக நண்பர் வீட்டுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு போனால் அங்கேயும் ஒரு மேசை இருக்கும். உங்கள் இடைவெளி முடியும் தேதி இந்த நாட்களுக்கு முந்தின வாரம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவை அடையுங்கள்

மன உறுதியை நம்பி இடைவெளி எடுப்பவர்களுக்கு நான் பெரிதாக நம்பிக்கை தரமாட்டேன். உறுதி காலையில் இருக்கும், ஆட்டம் இரவில். நடுவில் நாலு தடைகளைப் போட்டு வைத்தால் அவை உங்களுக்காக வேலை செய்யும்.

சூதாட்டக்கூடத்துக்குப் போகிறவர் என்றால், சூதாட்டப் பிரச்சினைகளுக்கான தேசிய மன்றம், அதுதான் என்சிபிஜி, அதன் இணையத்தளத்தில் சிங்பாஸ் எனும் அரசு மின்னடையாளம் மூலம், உங்களை உள்ளே விடவேண்டாம் என்று நீங்களே கேட்கும் சுயவிலக்கலுக்கு விண்ணப்பியுங்கள். மரினா பே சாண்ட்ஸ், ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசா இரண்டு கூடங்களுக்கும் அது பொருந்தும். ஓராண்டுக்குப் பிறகுதான் நீக்கக் கேட்க முடியும் என்பதால் பல பேர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கமே கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். முழு விலக்கல் அதிகம் என்று பட்டால், மாதத்துக்கு இத்தனை முறைதான் என்று நீங்களாகவே வருகை வரம்பு வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2019 ஏப்ரலிலிருந்து 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி, வருடத்துக்கு 3,000 வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்டுகிறார்கள். வேலை அனுமதியில் இருக்கும் நம் ஊர்த் தம்பிகளுக்கு அந்தத் தடை இல்லை, அதனால் அவர்களுக்குச் சுயவிலக்கல் இன்னும் முக்கியம், வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

அந்தக் கட்டணத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மேலே சொன்ன நல்ல ஆட்டக்காரர் பெரிய பிளைண்ட் 5 வெள்ளி மேசையில் உட்கார்ந்தால் மணிக்குச் சராசரியாக 7 வெள்ளி வரும், ஏழு மணி நேரத்துக்கு 49. கதவில் கொடுத்தது 150. "தினமும் 150 கட்டுகிறதுக்குப் பதிலா வருஷக் கட்டணம் கட்டிட்டா லாபம்" என்று தோற்றுக்கொண்டிருக்கும்போது தோன்றினால், அந்த 3,000 உங்களை இருபது முறைக்கு மேல் அங்கே போக வைக்கும் என்பதை மட்டும் நினையுங்கள்.

வீட்டு மேசை என்றால் வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து வெளியேறுங்கள். ஒலியை நிறுத்தி வைத்தால் போதாது, "ஆள் ஒண்ணு குறையுது, யாராவது வாங்க" என்ற செய்தியை நீங்கள் தேடிப்போய்ப் படிப்பீர்கள். பேநவ் தினசரி வரம்பைக் குறையுங்கள். சம்பளத்தின் ஒரு பகுதி, கார்டு இல்லாத வேறொரு கணக்குக்கு தானாகப் போகும்படி செய்யுங்கள்.

கைப்பேசியில் ஆடுபவர்களுக்குத் தனியாக. 2022 ஆகஸ்ட் 1இல் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வீட்டில் குடும்பத்தாரோ நண்பர்களோ நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடலாம், யாரும் அதைத் தொழிலாக நடத்தவோ கமிஷன் எடுக்கவோ கூடாது. அதே நண்பர்கள் செயலியில் கிளப் வைத்துக் காசுக்கு ஆடினால் அந்த விலக்கு கிடையாது. உரிமம் இல்லாத இடத்தில் ஆடுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே செயலியை நீக்குவது இடைவெளியின் ஒரு பகுதி மட்டும் இல்லை, அதை மறுபடி போடவே வேண்டாம். வீட்டு மேசையில் ஒவ்வொரு பாட் பணத்திலிருந்தும் வீட்டுக்காரர் வெட்டு எடுக்கிறார் என்றால் அந்த வீட்டுக்கும் மறுபடி போக வேண்டாம்.

மலேசியாவில் சூதாட்டக்கூடம் உள்ள கெந்திங் மலைக்குப் போகும் பஸ்ஸை மறந்துவிடாதீர்கள். இங்கே எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு வார இறுதியில் "குளிர்காற்று வாங்கிட்டு வரலாம்" என்று கிளம்பியவர்கள் உண்டு.

யாரிடம் என்ன சொல்வது

கூட ஆடுபவர்களிடம் காரணம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். காரணம் சொன்னால் பதில் வரும், பதில் வந்தால் பேரம் ஆரம்பிக்கும். "மச்சான், தைப்பூசம் முடியிற வரைக்கும் நான் ஆடல. சாப்பிடக் கூப்பிடு, வரேன். சீட்டுக்குக் கூப்பிடாதே." இவ்வளவு போதும். "உனக்குப் பயம் வந்துடுச்சு" என்று கிண்டல் செய்வார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், கிண்டல் அங்கேயே செத்துவிடும். கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டியது, உங்களிடம் ஜெயித்துக்கொண்டிருந்தவர் ரொம்ப அன்பாக நலம் விசாரிக்கும்போது.

"நான் ஆடமாட்டேன், சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்பது முதல் மாதம் வேண்டவே வேண்டாம். பதினோரு மணிக்கு ஒருவர் கழிப்பறைக்குப் போவார், "ரெண்டு கை மட்டும் எனக்காக ஆடு" என்பார்.

வீட்டில் சொல்வது கஷ்டமான பகுதி. அந்தத் தாளில் இருக்கும் முழுத் தொகையைச் சொல்லுங்கள். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை எப்படியாவது ஜெயித்துச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தால், இடைவெளி முடிவதற்குள் மேசைக்குப் போக ஒரு காரணத்தை நீங்களே செய்துவைத்துக்கொள்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை இரவு

ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை வாரா வாரம் ஒரு பெரிய பள்ளம் காத்திருக்கும். அதில் வேறு ஆட்களோடு செய்கிற எதையாவது போடுங்கள்: புளோக்குக்குக் கீழே இருக்கும் கோர்ட்டில் பூப்பந்து, தேக்காவில் சாப்பாடு, ஊருக்கு நிதானமாக ஒரு போன். தனியாக வீட்டில் உட்கார்ந்து போக்கர் வீடியோ பார்ப்பது கணக்கில் சேராது. "ஆட்டத்தைப் படிக்கிறேன்" என்பார்கள், முதல் மாதம் அதுவும் வேண்டாம். இரண்டாவது மாதத்தில் அந்த இரண்டு பத்தித் தாளை எடுத்து, வாய்ப்புக் கணக்குகளோடு உட்காருங்கள், அப்போது தலை தெளிவாக இருக்கும்.

இது இடைவெளியோடு முடியாது என்றால்

கடன் வாங்கி ஆடியிருக்கிறீர்கள், எங்கே போனீர்கள் என்று பொய் சொல்கிறீர்கள், வேலை நேரத்தில் மனசு மேசையிலேயே இருக்கிறது, ஆடாத நாளில் யார் மீதாவது எரிந்து விழுகிறீர்கள், தேதி குறித்து இரண்டு முறை உடைத்துவிட்டீர்கள். இதில் ஒன்றிரண்டு இருந்தாலும் போக்கர் ஆலோசனையை நிறுத்திவிட்டு என்சிபிஜி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்: 1800-6-668-668. புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தின் போதைப் பழக்கச் சிகிச்சைப் பிரிவும் சூதாட்டத்துக்குச் சிகிச்சை தருகிறது, அதன் எண் 6-732-6837. குடும்பத்தில் ஒருவருக்காக மனைவியோ பெற்றோரோ குடும்ப விலக்கல் ஆணைக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.

விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கவே கூடாது. உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர்கூட மாதம் 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம், 3,000 வெள்ளிக்கு மாதம் 120. எந்த மேசையும் அதை உங்களுக்கு நிச்சயமாகத் தராது. ஆலோங், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரர், பக்கம் போய்விட்டவர்கள் வீட்டுக் கதவில் சாயம் விழும் வரை காத்திருக்காமல் போலிசிடம் போங்கள்.

திரும்பி வருவதென்றால்

தேதி வந்தபோது ஆட விருப்பமே இல்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. விருப்பம் இருந்தால், முதலில் ஆட்டத்துக்கென்று தனிப் பணம். இருபது முப்பது பை-இன் (மேசையில் உட்காரும்போது சிப்ஸ் வாங்கும் தொகை) வேண்டும் என்பது பழைய கணக்கு. 200 வெள்ளி பை-இன் என்றால் 4,000லிருந்து 6,000, அதுவும் வாடகை, மளிகை, ஊருக்கு அனுப்புவது எதையும் தொடாமல். இல்லையா? சரி, பத்துக் காசு-இருபது காசு மேசை ஒன்றை நீங்களே ஆரம்பியுங்கள். "அதுல என்ன சுவாரசியம்" என்று தோன்றினால், உங்களை இழுத்தது ஆட்டமா பணமா என்பது தெரிந்துவிடும், இன்னொரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

முதல் இரவுக்கு ரொக்கமாகவே போங்கள், இரண்டு பை-இன், அதற்கு மேல் இல்லை. மேசையில் பேநவ் செய்து சிப்ஸ் வாங்குவதில்லை என்று வீட்டுக்காரரிடம் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள், நல்ல நண்பர் என்றால் பிறகு நீங்கள் கெஞ்சினாலும் தரமாட்டார். எழுந்திருக்கும் நேரம் பதினொன்றரை என்று வைத்தால் ரயிலும் கிடைக்கும். ஜெயித்துக்கொண்டிருந்தாலும் அதே பதினொன்றரைதான். "ஜெயிச்சுட்டுப் பாதியில் எழுந்து போறான்" என்று முணுமுணுப்பார்கள், வரும்போதே நேரத்தைச் சொல்லி வைத்திருந்தால் அதுவும் இருக்காது.

அந்த இரண்டு பத்தித் தாளையும் விடாதீர்கள். வீட்டுக்கு வரும் ரயிலிலேயே, அன்றைக்குப் போன பணம் எந்தப் பத்தியில் சேரும் என்று கைப்பேசியில் ஒரு வரி எழுதிவிடுங்கள், மறுநாள் என்றால் கதை மாறிவிடும். இரண்டாவது பத்தியில் அடுத்தடுத்து மூன்று வரி விழுந்தால், யாரையும் கேட்காமல் மறுபடி இரண்டு சம்பள நாள்.